அடுத்த வண்டி

நாங்கள் சேலையூருக்குக் குடிவந்தபோது தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1931இல் வந்த வண்டி அது, 2004இல்தான் நின்றது. என் மனைவி எழும்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்தெட்டு வருஷம் அந்த வண்டியில்தான் போய் வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மறதி நோய் முற்ற ஆரம்பித்ததும், தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "வண்டிக்கு நேரமாச்சு. வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா" என்பாள்.

நான் தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன். அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதே பிழைப்பு. சிவப்புப் பென்சிலை ஆபீஸோடு விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். "இதுதான் வீடு. நீ ரிட்டையராகிப் பல வருஷமாச்சு. உங்க அம்மா போய் முப்பது வருஷமாச்சு" என்று வரிசையாகத் திருத்துவேன். அவள் அப்போதுதான் சேதி வந்தமாதிரி உட்கார்ந்து அழுவாள். மறுநாளும் வாசலுக்கு வருவாள், நானும் திருத்துவேன். தினம் ஒரு சாவுச் செய்தி. சரியானதைத்தானே சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

பையன் வெளிநாட்டில். எனக்கு முதுகு விட்டுப்போனது. ஏஜென்சி மூலமாக ஒரு பெண் வந்தாள், மதுராந்தகம் பக்கம் ஊர், நாற்பது வயதிருக்கும், வீட்டோடு தங்கி இருபத்துநாலு மணி நேர வேலை. முதல் வாரம் அவளையும் தணிக்கை செய்தேன். எத்தனை டயபர், எத்தனை நேரம் போன் பேசினாள் என்று நோட்டில் குறித்து வைத்தேன். அந்த நோட்டை இப்போது எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் என் மனைவி பையோடு வாசலுக்கு வந்தாள். அந்தப் பெண் தானும் ஒரு பையை எடுத்துக்கொண்டு திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வண்டி லேட்டாம்மா. அடுத்த வண்டில போலாம். அதுவரைக்கும் ஒரு காபி குடிப்போமா?" இருவரும் காபி குடித்தார்கள். கால் மணி நேரத்தில் என் மனைவி வண்டியையே மறந்துவிட்டாள். நான் உள்ளே கூப்பிட்டு, "ஏம்மா, வாய் கூசாம பொய் சொல்றியே" என்று கடிந்துகொண்டேன். "பொய்யா சார்? அவங்க ஸ்டேஷன்ல நிக்கறாங்க. நான் போய் கூட நின்னேன், அவ்ளோதான்" என்றாள்.

ஜெர்மனியில் டியூசல்டார்ஃப் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் வாசலில் பேருந்தே வராத பேருந்து நிறுத்தம் ஒன்றை வைத்தார்கள் என்று பிறகு படித்தேன். வீட்டுக்குப் போகவேண்டும் என்று தவிக்கிறவர்கள் அங்கே உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் தணிந்து, உள்ளே வந்துவிடுவார்களாம். நம் திண்ணையில் அதைச் செய்தவளுக்கு டியூசல்டார்ஃப் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது.

நானும் ஒருநாள் முயன்றேன். "இன்னிக்கு வண்டி ரத்து" என்றேன். அவ்வளவுதான், ரகளை. அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "சார், லேட்டுன்னு சொல்லுங்க. ரத்துன்னு சொன்னா அவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க?"

நம் ஊரில் முதியோர் வைத்தியத்துக்குக் குறையில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் 1978இலேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்துவிட்டார். அண்ணா நகரில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோயாளிகளையும் குடும்பத்தாரையும் கவனிக்கிறது. 2024இல் கிண்டியில் 200 படுக்கையோடு முதியோர் மருத்துவமனையே வந்துவிட்டது. டாக்டர் நோயைச் சொல்வார், மாத்திரை எழுதுவார். ஆனால் நோய் முற்றிய பிறகு ராத்திரி மூன்று மணிக்கு யார் புரட்டிப் படுக்க வைப்பது? இரண்டு மணிக்கொரு தடவை புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், காற்று மெத்தை போட்டிருந்தாலும். குளிப்பாட்டும்போது தண்ணீரைத் தலையில் ஊற்றினால் அவள் அலறுவாள். அந்தப் பெண் பாதத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே வருவாள். தொடுவதற்கு முன்னால் முகத்துக்கு நேரே வந்து, "அம்மா, கை துடைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். திடீரென்று படபடப்பு கூடினால், "சிறுநீர்ல கிருமி இருக்கும் சார், டெஸ்ட் பண்ணிடுங்க" என்பாள். மூன்று தடவை சொன்னாள், மூன்றும் சரி. இத்தனை வேலைக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'ஆயா வேலை'.

போன வருஷம் பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போனாள். ஏஜென்சியிலிருந்து மாற்றாள் வரவில்லை. இரண்டு நாள்தானே என்று நானே இறங்கினேன். படுத்த வாக்கில் சாய்த்து வைத்து, ரசம் சாதத்தைத் தண்ணீராகக் கரைத்து ஊட்டினேன். நீர்க்கக் கரைத்தால் சுலபமாக இறங்கும் என்று என் கணக்கு. விழுங்கவே மறந்துவிட்டவளுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. புரையேறிற்று. ராத்திரி காய்ச்சல், காலையில் மூச்சிரைப்பு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள்.

அவள் ஊரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தலையணை இரண்டை முதுகுக்கு வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். கஞ்சியைக் கெட்டியாக்கி, சின்ன ஸ்பூனில் பாதி எடுத்து ஊட்டினாள். தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். ஊட்டி முடித்து அரை மணி நேரம் சாய்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்க்கும்படி, கொஞ்சம் மெதுவாகவே செய்தாள் என்று இப்போது தோன்றுகிறது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது என் மனைவிக்குப் பேச்சில்லை. வண்டியும் கேட்பதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் அந்தப் பெண் கைப்பையை அவள் மடியருகே வைத்து, "வண்டி லேட்டாம்மா" என்பாள். "அவளுக்குத்தான் ஒண்ணும் புரியறதில்லையே" என்றேன் ஒருநாள். "தெரியல சார். புரிஞ்சா?" என்றாள்.

இந்தப் பொங்கலுக்கும் ஊருக்குப் போனாள், தெரிந்த ஒருத்தியை மாற்றாளாக வைத்துவிட்டுத்தான். மாட்டுப் பொங்கலன்று ஆறு மணி சுமாருக்கு போன். பின்னணியில் மாட்டு மணிச் சத்தம்.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேம்மா."

"லேட்டுன்னுதானே?"

"லேட்டுன்னுதான்."