மதுவிடுதிகளின் வழியே ஓர் இலக்கிய நடை

கள்ளைப் பற்றித் தமிழிலக்கியத்துக்கு இரண்டு மனங்கள் உண்டு. ஒன்றைப் புறநானூற்றின் 235ஆம் பாடலில் காணலாம். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் அது. வேந்தனின் வீரத்தையோ குலப்பெருமையையோ சொல்லித் தொடங்காமல், அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைச் சொல்லித்தான் அந்தப் புலம்பல் தொடங்குகிறது. மற்றொன்று திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை. வகுப்பறையில் இரண்டையும் நடத்துகிறோம். முதலாவதை நடத்தும்போது மாணவர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். இரண்டாவதை நடத்தும்போது தலைகுனிந்து குறிப்பெடுக்கிறார்கள். குடித்து இறந்துபோன எழுத்தாளர்களைப் பற்றிப் பேச நேரும்போது நம் இலக்கிய உலகமும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. சிரிக்கிறது, அல்லது தலைகுனிகிறது.

இதைப் பற்றி எழுதத் தூண்டியது 2024 ஜூன் மாதத்தில் டப்ளின் நகரில் நாங்கள் சென்ற ஒரு நடை. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வசிக்கும் நாங்கள் ஏழு பேர், மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி வாசிக்கிறவர்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யூலிசஸ்’ நாவலை முக்கி முனகி ஓராண்டுக்கு மேல் படித்தோம். எங்களில் ஒருவரின் மகள் டப்ளினில் வேலை பார்ப்பதால், பயணம் என்ற பேச்சு எழுந்ததும் எல்லாம் தானாக நடந்தது. எழுத்தாளர்கள் அமர்ந்து குடித்த மதுவிடுதிகளுக்கு நடிகர்கள் வழிகாட்டி அழைத்துச் செல்லும் நடை அந்நகரில் 1988 முதல் நடந்து வருகிறது. அதைப் பார்த்து வேறு சிலரும் நடத்துகிறார்கள். அந்தப் பெண் எங்கள் குழுவுக்கென்றே தனியாக ஒரு மாலை நடையை ஏற்பாடு செய்திருந்தாள்.

ஏழு பேரில் குடிக்கிறவர்கள் இரண்டே பேர். மயிலாப்பூர் மாமி ஒருவர் பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டே வந்தார். மற்றவர்களுக்கு அந்நாட்டிலே கிடைக்கும் சிவப்பு நிற லெமனேட் வாய்த்தது. எங்களுள் மூத்தவர் அடையாற்றில் இருக்கும் அக்கா. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் கவிஞர். இரண்டு தொகுப்புகள் வெளியிட்டு, நாற்பத்தொன்பதாம் வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். அவருக்கான அஞ்சலிக் கூட்டத்துக்கு எங்களில் நால்வர் போயிருந்தோம். பாதிப் பேர் அவருடைய குடியைப் பற்றிய கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்கள். மீதிப் பேர் ‘உடல்நலக் குறைவு’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த நடைக்கு அவர் வரமாட்டார் என்றுதான் எண்ணியிருந்தோம். “அந்த ஊர்ல இதையெல்லாம் எப்படிச் சொல்றாங்கன்னு எனக்குக் கேக்கணும்” என்று சொல்லி முதல் ஆளாகக் கிளம்பினார்.

*

வழிகாட்டி ஐம்பதைக் கடந்த நாடக நடிகர். பெக்கெட் படித்த டிரினிட்டி கல்லூரியின் அருகே நின்று, அவருடைய ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்திலிருந்து ஒரு துண்டை இரண்டு குரல்களில் நடித்துக் காட்டிவிட்டு எங்களை டியூக் தெருவுக்குள் அழைத்துப் போனார். ‘யூலிசஸ்’ நாவலில் லியோபோல்ட் புளூம் மதிய உணவுக்கு முன் நடக்கும் வழியெங்கும், 1988இல் நடைபாதையில் 14 பித்தளைப் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு கற்பனை மனிதன் நடந்த தடத்தை உண்மையான மனிதர்கள் தினமும் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். புளூம் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் ஒரு கோப்பை பர்கண்டி ஒயினும் சாப்பிடும் டேவி பைர்ன்ஸ் விடுதி இன்றும் அதே தெருவில் இருக்கிறது.

அதற்கு எதிரில் இருக்கும் பெய்லி விடுதியின் முன் நின்று அவர் சொன்ன கதை, சிற்றிதழ் உலகம் அறிந்த எவருக்கும் பிடிக்கும். 1954 ஜூன் 16, நாவல் நிகழும் நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. ஃபிளான் ஓ’பிரையன், கவிஞர் பாட்ரிக் காவனா, ஆண்டனி குரோனின், ஜான் ரயன் முதலிய சிலர் இரண்டு குதிரை வண்டிகளை அமர்த்திக்கொண்டு, நாவலில் வரும் இடங்களுக்கெல்லாம் போய்வருவது என்று புறப்பட்டார்கள். வழியெல்லாம் விடுதிகள். பெய்லிக்கு வந்து சேர்ந்ததும் பயணம் அங்கேயே முடிந்துவிட்டது. மேற்கொண்டு போகும் நிலையில் எவரும் இல்லை. இன்று உலகெங்கும் கொண்டாடப்படும் ‘புளூம்ஸ்டே’ விழாவின் முன்னோடி பாதியில் நின்றுபோன இந்தக் குடிப்பயணந்தான்.

ஜான் ரயன் 1949இல் தொடங்கிய ‘என்வாய்’ என்ற சிற்றிதழ் 1951இல் நின்றது. அதன் இரண்டாவது அலுவலகம் என்று மெக்டெய்ட்ஸ் மதுவிடுதியைச் சொல்வார்கள். பிரெண்டன் பீஹன், காவனா, ஓ’பிரையன் எல்லோரும் அங்கே கூடினார்கள். கைப்பிரதிகள் மேசையில் கைமாறின, வசைகளும் கைமாறின. எங்களுக்கு உடனே சி.சு. செல்லப்பா நினைவுக்கு வந்தார். 1959 முதல் 1970 வரை திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ இதழை நடத்தியவர். மெக்டெய்ட்ஸ் போன்ற ஒரு கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. வீடுதான் அலுவலகம்.

மெக்டெய்ட்ஸின் உயரமான கூரையின் கீழ் நாங்கள் அமர்ந்திருந்தோம். வழிகாட்டி பீஹனின் குறும்புகளைச் சொல்லி மாமியையும் சிரிக்க வைத்தார். பிறகு குரலை மாற்றாமல், சிரிப்பு அடங்கும் முன்பே, ஆண்டுகளைச் சொன்னார். பீஹன், 1964, வயது 41. ஓ’பிரையன், 1966, வயது 54. காவனா, 1967, வயது 63. பீஹன் கடைசி ஆண்டுகளில் எழுத உட்கார முடியாமல், ஒலிப்பதிவுக் கருவியில் பேசிய பேச்சைப் பிறர் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள் என்றும் சொன்னார். அதே விடுதியில், அதே குரலில். நகைச்சுவைக்கு ஓர் இடம், மரணத்துக்கு வேறு இடம் என்று அவர் பிரிக்கவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அயர்லாந்து குடியைக் கொண்டாட மட்டுமே தெரிந்த நாடு என்று எண்ணிவிட வேண்டாம். 1898இல் டப்ளினில் தொடங்கிய கத்தோலிக்க மதுவிலக்குச் சங்கத்தாரின் உறுதிமொழியை ஏற்றவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். 1927 முதல் 2018 வரை புனித வெள்ளியன்று மதுவிடுதிகள் திறக்கச் சட்டம் இடம் தரவில்லை. காந்தி ஜெயந்தியன்று அடைத்த கதவுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

பெண்கள் விஷயத்திலும் அப்படியே. பல விடுதிகளில் பெண்களுக்கு ஓரமாகத் தடுத்த சிறு அறைதான். சிலவற்றில் அதுவும் இல்லை. முழுக் கோப்பை பீர் பெண்ணுக்குத் தருவதில்லை என்பது வழக்கம். நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளரும் தோழியரும் 1970களில் நீரிஸ் என்ற விடுதிக்குக் கூட்டமாகப் போய் முப்பது பிராந்தி கேட்டார்கள். கிடைத்தது. பிறகு ஒரு முழுக் கோப்பை பீர் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. பிராந்தியைக் குடித்துவிட்டுப் பணம் தராமல் எழுந்து வந்தார்கள். இத்தகைய மறுப்பு சட்டவிரோதமானது 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். நாங்கள் ஏழு பேர், அவர்களில் நால்வர் பெண்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் அமர்ந்திருந்த அந்த மேசைக்கு அன்று வயது இருபத்து நான்கு.

*

மூன்றாவது விடுதியை விட்டு வெளியே வந்தபோது அக்கா வழிகாட்டியிடம் கேட்டார்: “இவங்க வீட்டுக்காரிகளுக்கு இந்த நடையில ஒரு இடமும் கிடையாதா?” ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னது அந்தப் பெண். வழிகாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, திட்டத்தில் இல்லாத இடம், வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு நாசோ தெருவில் நடக்கத் தொடங்கினார்.

தெருவின் கோடியில் ஒரு செங்கல் சுவர். அதன் உச்சியில் மங்கிய எழுத்துகளில் ‘ஃபின்ஸ் ஹோட்டல்’ என்று எழுதியிருக்கிறது. அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் பணிப்பெண்ணாக இருந்தவர் நோரா பார்னக்கிள். 1904 ஜூன் 10 அன்று இதே நாசோ தெருவில் ஜாய்ஸ் அவரைச் சந்தித்தார். ஜூன் 16 அன்று இருவரும் சேர்ந்து நடந்த நாளைத்தான் பின்னால் தம் நாவலின் நாளாக வைத்தார். அவ்வாண்டே அவரோடு ஊரைவிட்டுப் புறப்பட்ட நோரா, கடனிலும் குடியிலும் நகரம் நகரமாக மாறிய வாழ்க்கையைச் சுமந்து, ஜாய்ஸ் இறந்து பத்தாண்டுகள் கழிந்தபின் 1951இல் சூரிச்சில் இறந்தார். அந்தச் சுவரின் கீழே மதுவிடுதி எதுவும் இல்லை. குடிக்கவும் ஒன்றும் இல்லை. நாங்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். “இங்கதான் ஆரம்பிச்சிருக்கணும்” என்றார் அக்கா. மாமி பிளாஸ்கைத் திறந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

*

ஊர் திரும்பியதும் எங்கள் பேச்சு இயல்பாகவே சென்னைக்கு வந்தது. இங்கே இப்படியொரு நடை ஏன் இல்லை? எழுத்தாளர்களுக்குக் குறைவில்லை, குடித்தவர்களுக்கும் குறைவில்லை. இல்லாமல் போனது அந்தக் கூடம். 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் விலக்கப்பட்டு, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. ஔவையின் கள்ளுக்கு 1987 முதல் தடை. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே குடி நிற்கவில்லை. அமர்ந்து பேசும் இடந்தான் உருவாகவில்லை. நட்சத்திர விடுதிகளை விட்டுவிட்டால், சாதாரணக் கவிஞனுக்கு மிஞ்சியது கடையை ஒட்டிய தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர் பாக்கெட், சுண்டல். அங்கே பெண்கள் அமர்வதில்லை. எவரும் நினைவு வைத்துக்கொள்ள விரும்பும் இடமும் அல்ல அது. குடிக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. மறைவாகக் குடித்தவனை மறைவாகவே சாக விட்டுவிடுகிறோம் என்பதைத்தான் சொல்கிறோம்.

நினைவுச் சின்னங்களின் விஷயத்தில் நம் கை இன்னும் மோசம். உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த திருவல்லிக்கேணி ‘தியாகராஜ விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டது. பானையே எட்டிப் பாராத அந்தப் பெரியவரின் வீட்டையே காக்க முடியாதவர்கள், குடித்தவர்களின் மேசையையா காக்கப் போகிறோம்? ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தி. நகரில் ஹென்ஸ்மன் சாலை என்றிருந்த தெரு இன்று கண்ணதாசன் சாலை. தம் குடியை ஒளிக்காமல் தாமே எழுதியவர், 1981இல் சிகாகோவில் இறந்தவர். அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்று அவருடைய பாடல்களைப் பற்றியும் குடியைப் பற்றியும் ஒரே குரலில் பேச நம்மால் முடியும். அவரே அதற்கு அனுமதி தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனவே எங்கள் குழு ஒரு நடையைத் திட்டமிட்டு வருகிறது. காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் தெப்பக்குளத்தருகே காப்பியுடன் தொடங்கும். அங்கிருந்து, தி. நகர்த் தெருக்களைக் கதைகளுக்குள் கொண்டுவந்த அசோகமித்திரனுக்காகவும் கண்ணதாசனுக்காகவும் தி. நகர். முடிவு அடையாற்றில். வழியில் நிற்க வேண்டிய இடங்களின் பட்டியலைச் சென்ற கூட்டத்தில் வாசித்தபோது, அக்கா பேனாவை வாங்கி ஓர் இடத்தைச் சேர்த்தார். அவருடைய கணவர் கடைசி ஆறு ஆண்டுகள் மாலைதோறும் சென்ற கடை. காலையில் அது மூடியிருக்கும்.

எங்களில் ஒருவர் தயங்கினார். “வேணாமே அக்கா, அவர் பேருக்கு அது...”

“அவர் பேருக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. அந்த ரெண்டாவது தொகுப்புல பாதி அங்க உக்காந்து எழுதினதுதான். மீதிப் பாதியை அங்க உக்காந்ததாலதான் எழுதல. ரெண்டையும் நானே சொல்றேன்.”

பட்டியலில் அந்த இடத்துக்கு எதிரே, பேசுபவர் என்ற கட்டத்தில், அவர் பெயரை எழுதிக்கொண்டோம். எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டதற்குப் பத்து நிமிடம் போதும் என்றார். பிறகு, பதினைந்தாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.