டிக்கெட்டை மூடுவதா, ரயிலை ஓட்டுவதா?

பொட்டி தட்டும் மக்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, காலையில் வந்ததும் தன் பெயரில் இருக்கும் டிக்கெட்டுகளை வரிசையாய் முடித்து, டிக் அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டாவது வகை, "இதெல்லாம் எதுக்கு? கடைசியில யாருக்கு என்ன கிடைக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கீபோர்டில் கையே வைப்பார். மேனேஜருக்கு முதல் ஆளைப் பிடிக்கும். க்ளையண்ட்டுக்கு வேண்டியது இரண்டாவது ஆள்!

தில்லியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால் மெட்ரோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1998-ல் கட்ட ஆரம்பித்து, 2002 டிசம்பர் 24 அன்று ஷாதரா - தீஸ் ஹஸாரி பாதையைத் திறந்தார்கள். அப்போது தலைமையில் இருந்தவர் ஸ்ரீதரன். வேலை நடக்கும் இடங்களில் "இன்னும் இத்தனை நாள்" என்று இறங்குமுகமாய் எண்ணும் பலகைகளை வைத்தார். எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டினோம் என்று அந்தப் பலகை சொல்லாது. ரயில் எப்போது ஓடணும் என்பதை மட்டும் சொல்லும்.

இதே மனிதர் இளம் பொறியாளராக இருந்தபோது நம்ம பாம்பனில் செய்த வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களையும் கடல் கொண்டுபோனது. சரிசெய்ய ரயில்வே முதலில் கொடுத்த கெடு 6 மாதம், அதையும் 3 மாதமாகக் குறைத்தார்கள். புது கர்டர் செய்து வரவழைக்கவே நாள் போய்விடும். அதனால் கடலில் மூழ்கிக் கிடந்த பழைய கர்டர்களையே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் தயார். "புது கர்டர் வாங்கு" என்பதை மட்டும் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தால், ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்பார்கள்.

இப்போது எங்க ஆபீஸ் கதை. ஒரு ரிப்போர்ட் மெதுவாகத் திறக்கிறது, வேகப்படுத்தணும் என்று இரண்டு வாரம் ஒதுக்கினார்கள். வேலை போனது மதுரைக்காரப் பெண் ஒருத்திக்கு. அவள் க்ளையண்ட்டிடம் நேராகவே கேட்டாள், "இதை வெச்சு என்ன பண்றீங்க?" தினமும் காலையில் ஒரே ஒரு மொத்தத் தொகையைப் பார்க்கிறார்களாம், அவ்வளவுதான். ராத்திரியே கணக்குப் போட்டு மெயிலில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரே நாளில் முடிந்தது.

அப்ரைசலில் என்ன ஆச்சு தெரியுமா? மூடிய டிக்கெட் எண்ணிக்கை மற்றவர்களைவிடக் கம்மி என்று ரேட்டிங்கைக் குறைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், "இனிமே நானும் எண்ணிக்கை பாத்தே வேலை செய்றேண்ணே" என்றாள். என் மனைவி சாம்பார் ஊற்றிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

லட்சியம் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பாம்பனிலும் ஒவ்வொரு கர்டராகத்தான் தூக்கிப் பொருத்தியாகணும், அது சுத்தமான டாஸ்க். எந்த கர்டர் என்று முடிவு செய்யும்போதுதான் ரயில் நினைவில் இருக்கணும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் "இது முடிந்தால் யாருக்கு என்ன மாறும்?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா? கோடைத் தொடும் முன் போய்க் கேளுங்கள்.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த அப்ரைசல்ல 'இரண்டு வார வேலை ஒரு நாளில் முடிந்தது'ன்னு நீயே எழுதும்மா. எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு அதுவும் ஒரு எண்ணிக்கைதான்."