ரம்பம் வீட்டுக்கு வரும்

செர்பியக் கிராமங்களில் கோடை முடியும்போதே விறகு வந்து இறங்கிவிடும். குளிர்காலம் முழுக்க வேண்டியதைச் சேர்த்து வாங்கி வைப்பார்கள். மீட்டர்தான் கணக்கு. ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் அது 'ஒரு மீட்டர்' விறகு. நடுவிலுள்ள காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு. அங்கே பல வீடுகளில் இருக்கும் அடுப்புக்கு ஸ்மெதெரெவாட்ஸ் என்று பெயர். சமையலும் அதில்தான், வீட்டுக்குச் சூடும் அதில்தான். அதன் வாய் சின்னது. கட்டையை மூன்றாகவோ நான்காகவோ அறுத்தால்தான் உள்ளே போகும்.

அறுப்பதற்கு மரத்தை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ரம்பமே வாசலுக்கு ஓடி வரும்.

இந்த வண்டிகளை நான் யூடியூப்பில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பவருக்கு, "என்னடா இது, பாதி டிராக்டர், பாதி தையல் மெஷின்?" என்றுதான் தோன்றும். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், ஏதோ ஒரு பழைய காரின் கியர்பாக்ஸ், ஸ்டியரிங், பின் அச்சு. அதன்மேல் ஒரு இரும்புச் சட்டத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டைதான் ரம்பம். ஊரில் இதைப் 'பன்ஸெக்' என்கிறார்கள். பட்டை ரம்பத்துக்கான ஜெர்மன் சொல் மருவியது. சாலையில் போகும்போது இன்ஜின் வண்டியை இழுக்கும். நின்றதும் பெல்ட்டை மாட்டினால் அதே இன்ஜின் ரம்பத்தைச் சுற்றும்.

சங்கிலி ரம்பமே போதுமே என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கிலி ரம்பத்தின் ஒரு வெட்டு சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பட்டை ரம்பத்துக்கு 2 மில்லிமீட்டர் போதும். ஒரு கட்டையை நான்காக்க மூன்று வெட்டு வேண்டும். அப்படியானால் பத்து மீட்டர் விறகில் ஒன்று கால் மீட்டரைத் தின்னும், மற்றது அதில் நாலில் ஒரு பங்கை. வித்தியாசம் அந்த வீட்டுக்குச் சில நாள் சூடு.

இதுவரை ரசிக்க முடிகிறது. அடுத்தது கஷ்டம். அந்தப் பட்டைக்குப் பெரும்பாலும் மூடியே இல்லை. கை ஒரு சாண் தூரத்தில் போய் வருகிறது. பட்டை அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. சுழலும் பாகத்துக்கு மூடி போடு என்பதை எந்த இன்ஜினியரிங் மாணவனும் சீக்கிரமே படித்துவிடுவான். இந்த வண்டி என் முன்னால் வந்தால் அஞ்சு நிமிஷத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அந்த வீடியோக்களின் கீழே பாதிப் பேர் 'ஜீனியஸ்' என்கிறார்கள், மீதிப் பேர் 'முட்டாள்' என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

கியர்பாக்ஸையும் ரம்பத்தையும் ஒரே இன்ஜினில் கோர்க்கத் தெரிந்தவருக்கு ஒரு தகரத்தை வளைத்து மூடத் தெரியாதா? தெரியும். ஆனால் விறகு பலகை மாதிரி இருக்காது. ஒன்று தடி, ஒன்று கோணல், ஒன்றில் முண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் மூடியை ஏற்றி இறக்க வேண்டும். அவருக்குக் கூலி அறுத்த மீட்டருக்கு. மூடியை ஏற்றி இறக்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. விரலுக்கு வரும் ஆபத்து அந்தக் கூலிக் கணக்கிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இது நமக்குத் தெரியாத கணக்கா என்ன? செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும் வெட்டிய அளவுக்குத்தான் கூலி. வெயிலில் தலைக்கவசத்தைக் கழற்றி வைப்பவரைப் பார்த்து "இவங்களுக்குப் பாதுகாப்புப் புத்தியே இல்ல" என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். கவசம் மெதுவாக்கினால், அதைப் போட்ட நேரத்துக்கான நஷ்டம் அவருடையதுதான்.

அதனால் அந்த வண்டிக்கு நான் ஏதாவது வரைவதாக இருந்தால், வேகத்தைக் குறைக்காத ஒன்றைத்தான் வரைவேன். கட்டையை உட்கார வைக்கும் V வடிவத் தொட்டில், தண்டவாளத்தில் தள்ளுவது மாதிரி. கைப்பிடி பட்டைக்கு எட்டாத பக்கம். காலை எடுத்தால் பெல்ட் தளரும் ஒரு பெடல். இரண்டையும் பழைய இரும்பிலேயே செய்யலாம். தொட்டில் கையால் பிடிப்பதைவிட வேகமாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அவர் அதைக் கழற்றிவிடுவார். கழற்றுவதில் நியாயமும் இருக்கும்.