வாலிபரும் தமிழ் ஆராதனையும்

நம் வாலிபர் தமிழ் ஆராதனையை விட்டு நழுவுகின்றனர் என்று குறைகூறாத பெற்றோர் இங்கில்லை. நான் கண்டவரை, தமிழெழுத்து தெரியாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் நன்கு தேறிய பதினாறு வயது மகன், வேதபாடம் வாசிக்க அழைத்தால் நாணித் தலைகுனிகிறான். இருமுறை நாணியவன் மூன்றாம் வாரம் வருவானா?

கரக்பூரில் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் கையாளும் வழியைச் சொல்கிறேன். வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் சில பிள்ளைகளுக்குக் கேள்வியாலேயே மனப்பாடம். அவற்றை அச்சில் கொடுத்து, வரியின்கீழ் விரலோட்டிப் பாடச் செய்கிறோம். சொல் முன்னரே நாவிலிருப்பதால் கண் எழுத்தை எளிதில் பற்றிக்கொள்கிறது. அதன்பின் 117-ஆம் சங்கீதம். அதில் இரண்டே வசனங்கள்.

ஊழியருக்குக் கிடைப்பது வாரத்தில் ஒருமணி நேரமே. ஆகவே பெற்றோரே, இரவு ஜெபத்தில் ஒரு வசனத்தையேனும் பிள்ளை வாசிக்கட்டும். தகப்பனார் இரவுப்பணிக்குச் சென்றிருந்தால் தாயார் கேட்கலாம். இடையில் மறித்துத் திருத்தாதீர்கள். வாசித்து முடித்தபின் சொல்லுங்கள். விருந்தினர் முன் "இவனுக்குத் தமிழே வராது" என்று நகைப்பதை (நம்மவர்க்கு இதில் ஏனோ ஒரு பெருமை!) அறவே விட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் ஒரு பெண்பிள்ளை அச்சங்கீதத்தைச் சபையார் முன் வாசித்தாள். வரும் ஞாயிறன்று வாசிக்க அவள் தம்பி பெயர் கொடுத்திருக்கிறான்.