தாபோவுக்கு வெட்டிய சாலை

மலாக்கா. செயின்ட் பால் குன்றின் சரிவு. டச்சுக் கல்லறைத் தோட்டம். டச்சுக்காரர்களின் கல்லறைகள் 5. ஆங்கிலேயர்களுடையவை 33.

உயரமான தூண் ஒன்று. லெப்டினன்ட் ஜேம்ஸ் ஒயிட். லெப்டினன்ட் ஹார்டிங். நானிங் போரில் மாண்டவர்கள். சிப்பாய் ஒருவனின் பெயரும் இல்லை.

புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்துகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். எழுத்துகளின் பள்ளத்தில் பச்சைத் துணுக்குகள். கழுத்துத் துண்டை உருவித் துடைக்கிறார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக. பிறகு அடுத்த கல்.

மலாக்காவை அடுத்த நானிங்கின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்கிறது கிழக்கிந்தியக் கும்பினி. அதுவரை ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்தான். நானிங்கின் தலைவர் பெங்ஹுலு டோல் சைட் மறுக்கிறார். 1831 ஆகஸ்டில் மதராஸ் சிப்பாய்கள் 150 பேர் புறப்படுகிறார்கள். ஒற்றையடிப் பாதை. முன்னாலும் பின்னாலும் மரங்கள் சாய்கின்றன. பீரங்கிகளைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

1832. இந்தத் தடவை சாலை போட்டுக்கொண்டே போகிறது படை. மதராஸ் காலாட்படையின் 5ஆம் ரெஜிமென்ட். பாதை வெட்டும் மதராஸ் சாப்பர்கள். கோடரி, மண்வெட்டி, கூடை. மரம் விழுகிறது. தூர் தோண்டப்படுகிறது. மண் நிரப்பப்படுகிறது. ஒளிந்து சுட இடம் விடாமல் இருபுறமும் காடு அகல வெட்டப்படுகிறது. மழை. காய்ச்சல். மறுபடி கோடரி. மாதத்துக்கு மூன்று மைல். மிஞ்சினால் நான்கு.

ஜூன் 15. நானிங்கின் தலைமை ஊரான தாபோ விழுகிறது. ஊர் காலி. டோல் சைட் காட்டுக்குள். போருக்கு ஆன செலவு ஒரு லட்சம் பவுன்.

1834இல் அவர் சரணடைகிறார். மன்னிப்பு, மலாக்காவில் வீடு, மாதப் பணம். 1849இல் இறக்கிறார்.

தாபோ நானிங்கில் அவருடைய கல்லறை. அருகே எழுத்தே இல்லாத பெருங்கற்கள். அவருக்கும் வெகுகாலம் முந்தியவை. ஆண்டுக்கு ஆண்டு வளர்கின்றன என்பது ஊர் நம்பிக்கை. அலோர் காஜாவில் இன்னொரு கல்லறைத் தோட்டம். அங்கும் ஆங்கிலேயர்கள்.

1896. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நடுகிறார். தோட்டங்கள் பெருகுகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் வருகின்றன. லயங்கள் எழுகின்றன. பால்வாளிகள் வரிசையாக நிற்கின்றன. சாலைகள் அகலமாகின்றன.

மலாக்கா – அலோர் காஜா பேருந்து. ஜன்னலோரம் ஒரு பாட்டி. மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. வலது கையின் பெருவிரலில் உளி பட்ட தழும்பு. பக்கத்தில் பேரன், சீருடையில். வெளியே செம்பனை, செம்பனை, ஒரு சூலம், மறுபடி செம்பனை.

“பாட்டி, இன்னும் எத்தன கிலோமீட்டர்?”

“நாலு கட்டதான் ஐயா.” கட்டை என்றால் மைல்.

அவன் கைப்பேசியைத் தட்டிப் பார்க்கிறான். சரியாகத்தான் இருக்கிறது.

“இந்த ரோட்ட யாரு போட்டது?”

பாட்டி கீரைக்கட்டை இடது பக்கம் மாற்றுகிறாள். விரலால் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கோடு இழுக்கிறாள்.

“ஒந் தாத்தா தார் ஊத்துனாரு. ரும்பியாவுலேர்ந்து அந்த வளைவு வரைக்கும். ரெண்டு தடவ வெள்ளத்துல பேந்துபோச்சு. ரெண்டு தடவயும் அவரத்தான் கூப்புட்டாங்க.”