ஓடு உடையும் வரை

தோழர்களே, இந்த முறை ஒரு சமையல் குறிப்பு எழுதுகிறோம். சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

கொல்லிமலையில் இரண்டு நாள் வாசிப்பு முகாம். நாங்கள் பதினோரு பேர். எல்லோரும் மலைக்குக் கீழே உள்ள காலனிகளில் இருந்து வந்தவர்கள். பாதிப்பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். காரவள்ளியில் ஏறி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் மூன்று பேருக்கு வாந்தி. ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். சமையலும் நாங்களே. ஒரு தம்பியின் அம்மா, தான் கூலிக்குப் போன காட்டில் வாங்கிய கடலைக்காயை ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருந்தார்.

இன்னொரு தோழரின் அண்ணன் மலேசியாவில் ஓட்டல் வேலை பார்க்கிறார். அங்கே சுட்ட கறிக்கும் வெந்த காய்கறிக்கும் கடலை சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். மலாய் மொழியில் கடலைக்குக் காச்சாங் என்று பெயர். ஈழத்தில் கச்சான். விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. எங்களுக்குக் கடலைக்காய். "நம்ம கடலைச் சட்னிதான்டா, கொஞ்சம் புளிப்பும் இனிப்பும் தூக்கலா" என்று அண்ணன் போனில் சொல்லிக் கொடுத்தார்.

உரித்த நிலக்கடலை கால் கிலோ. சிறு தீயில் வறுத்து, ஆறியதும் தேய்த்துத் தோலை ஊதிவிடுங்கள். கறுத்ததும் பூசணம் பிடித்ததும் இருந்தால் தூக்கி எறியுங்கள், அதில் நஞ்சு உண்டு. நான்கு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, நான்கு காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்து, தண்ணீர் இல்லாமல் எண்ணெய் விடும்வரை அரைக்க வேண்டும். பிறகு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், கொஞ்சம் வெல்லம், ஒரு கரண்டி சோயா சாஸ். வெந்நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். முதலில் விடும் தண்ணீரில் விழுது இளகாது, இறுகிக் கட்டியாகும். பயப்பட வேண்டாம். இன்னும் கொஞ்சம் விட்டால் தோசை மாவு போல வழியும். கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். வெள்ளரி, கேரட், முளைகட்டிய பயறு, அவித்த மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சாமையும் தினையும் விளைந்த மலையில், ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி இப்போது எங்கும் கிடைக்கிறது.

குறிப்பு முடிந்தது. இனி நடந்தது.

அன்று மாலை கரண்ட் போய்விட்டது. மிக்ஸி ஓடவில்லை. கீழே போய் அம்மிக் கல் கேட்டோம். வீட்டுக்கார அம்மா முகம் மலர்ந்து புழக்கடையைக் காட்டினார். எங்கள் அக்கா ஒருவர் வறுத்து வைத்திருந்த கடலையை அரைக்க உட்கார்ந்தார். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, பையில் மிச்சமிருந்த கடலைக்காயை மடியில் அள்ளிப் போட்டு, உரித்துத் தின்றுகொண்டே பேசினார்.

"என்னா ருசி கண்ணு! எங்க வெளஞ்சது?"

"எங்கம்மா பறிச்சதுங்க."

"எந்தூரு நீங்க?"

தம்பி பக்கத்து டவுனின் பெயரைச் சொன்னான்.

"டவுனுக்குள்ளயேவா?"

அவன் எங்களைப் பார்த்தான். அரைத்துக்கொண்டிருந்த அக்காதான் குழவியை நிறுத்தாமல் பதில் சொன்னார். "டவுனு இல்லீங்க. பக்கத்துல கிராமம். காலனிங்க."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மடியில் இருந்த கடலைக்காயைத் திரும்பப் பையில் போட்டார். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து போனார்.

ராத்திரி ஒரு கிண்ணம் சாஸ் எடுத்துக்கொண்டு கீழே போனோம். "வேண்டாங் கண்ணு, எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்று சிரித்தார். கடுமையாக ஒரு வார்த்தை இல்லை. காலையில் பார்த்தால், நாங்கள் கழுவி வைத்த அம்மியின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருந்தது.

அவர் எந்தச் சமூகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப்பேர் அந்தச் சமூகத்தின் மீது கோபப்பட்டு, உங்கள் பக்கத்து வீட்டை மறந்துவிடுவீர்கள்.

நாங்கள் யோசித்தது கடலையைப் பற்றித்தான். எங்கள் பையில் இருந்து, எங்கள் அம்மா பறித்த காயை அவர் தின்றார். ஓட்டுக்குள் இருக்கும்வரை அதற்குச் சாதி இல்லை. எங்கள் கையால் தண்ணீர் பட்டு அரைபட்டதும் அதற்குச் சாதி வந்துவிட்டது. எங்கள் அம்மாக்களுக்கு இது புதிதல்ல. செடியைப் பிடுங்குவதும் காயை ஆய்வதும் மூட்டை கட்டுவதும் அவர்கள் கைதான். கூலியை மட்டும் வள்ளத்தில் அளந்து, கை படாமல் உயரத்தில் இருந்து முந்தானையில் கொட்டுவார்கள்.

2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. அந்த அரிசியை விளைவித்ததும் சுமந்ததும் யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை. வெந்த பிறகுதான் தீட்டு. முதலில் அவரைத்தான் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அது ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

அன்று இரவு தம்பி கேட்டான். "டவுனுன்னே சொல்லியிருந்தா அவங்களும் சாப்பிட்டிருப்பாங்க இல்லீங்க்கா?"

யாரும் அவனைத் திட்டவில்லை. சென்னையிலும் கோவையிலும் அறை தேடியபோது நாங்களும் மறைத்திருக்கிறோம். தலைக்குமேல் கூரை வேண்டும். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அக்கா மட்டும் சொன்னார். "சாப்பிட்டிருப்பாங்க. ஆனா என் கையால இல்லியே. நீ சொன்ன டவுன்காரி கையால."

முகாமில் நாங்கள் வாசித்தவர்களில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் ஒருவர். அடிமையாகப் பிறந்த கறுப்பின விஞ்ஞானி. பருத்தியால் சத்திழந்த நிலத்தில் நிலக்கடலை போடச் சொல்லி, அதை வளர்க்கும் முறையோடு சமைக்க 105 வழிகளையும் 1916-இல் சிறு நூலாக வெளியிட்டார். கறுப்பின ஏழை உழவரின் நிலமும் வயிறும் அவர் கவலை. எனவே எங்கள் சமையல் குறிப்பையும் அரசியல் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒருவர் தன் வீட்டில் நம் கிண்ணத்தை மறுத்தால் சட்டம் ஒன்றும் செய்யாது. பள்ளியிலும் டீக்கடையிலும் மறுத்தால் செய்யும். அங்கே எழுதிக் கொடுங்கள், விடாதீர்கள். 1927-இல் மகாட் குளத்தில் பாபாசாகேப் கை வைத்தது தாகத்துக்காக மட்டும் அல்ல, தண்ணீரைத் தொடும் உரிமைக்காக.

திரும்பி வந்த கிண்ணத்தை மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்தோம். புளிப்பு ஏறி இன்னும் நன்றாக இருந்தது. மூட்டை கட்டும்போது வாடகைக்கான ரசீதில் முகவரி கேட்டார்கள். தம்பிதான் எழுதினான். ஊர்ப் பெயருக்கு முன்னால் காலனி என்பதையும் சேர்த்து எழுதினான்.

ஜெய் பீம்.