பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது கோப்பை!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி திருச்சுழிக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த வீட்டையும் திருமேனிநாதர் கோயிலையும் தரிசிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கபடி பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது கட்சி. (மகரிஷி கோபிக்க மாட்டார். சின்ன வயதில் அவரும் ஃபுட்பால் ஆடியவர்தான்!)

தறிச் சத்தம் ஓய்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே கரிசல் ஆரம்பிக்கிறது. கறுப்பு மண், சீமைக் கருவேலம், தண்ணீருக்குக் காத்திருக்கும் கண்மாய்கள். குண்டாறு என்று பெயர் இருக்கிறது; தண்ணீரைத்தான் காணோம். ஐப்பசி மழை பெய்தால் பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் மில் வேலை, இல்லை திருப்பூர் பஸ். இந்த ஊர்ப் பையன்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கபடி நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ், ரயில்வே என்று ஏதாவது உத்தியோகம் கிடைக்கலாம். ஆகவே, இங்கே விளையாட்டு வெறும் விளையாட்டல்ல, சார்.

நான் போன கிராமத்தில் பொங்கல் விழா. ஃபோகஸ் லைட், மைக் செட், மேஜை மேல் சுழற்கோப்பை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தக் காலத்து ஆட்டக்காரர். இப்போது அறுபதைத் தாண்டியவர்.

"ஏன் அண்ணாச்சி, நம்ம தமிழ் தலைவாஸ் மட்டும் கப் அடிக்க மாட்டேங்குதே?" என்றேன்.

"தம்பி, உள்ள ஆடுறவனையே பாக்காதீக. வெளிய உக்காந்திருக்கான் பாருங்க, அங்க இருக்கு சூட்சுமம்."

கபடியில் ரெய்டு போனவன் பிடிபட்டால் வெளியே. அவன் அணி எதிராளி ஒருவரை அவுட் ஆக்கினால்தான் ஒருவர் உள்ளே வரலாம். அதுவும் அவுட்டான வரிசைப்படிதான். அதாவது, எவ்வளவு பெரிய ஹீரோவாக இருந்தாலும் மற்றவர்கள் மீட்டால்தான் அவருக்கு மறுஜென்மம். அன்றைக்கும் அதுதான் நடந்தது. விசில் வாங்கிய ஸ்டார் இரண்டாவது ரெய்டிலேயே மாட்டினார். மீட்க ஆளில்லை. வரிசையாக ஒவ்வொருவராக வெளியே வந்து கடைசியில் ஆல் அவுட். எதிர் அணியில் பெயர் தெரியாத மூன்று ஒல்லிப் பையன்கள் மாறி மாறிப் போய் ஒவ்வொரு பாயின்ட்டாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். கோப்பை அவர்களுக்கு!

தலைவாஸ் கதையும் இதுதான். 2017-ல் புரோ கபடி லீகுக்குள் வந்தார்கள். அந்த வருடமும் 2018-லும் தங்கள் பிரிவில் கடைசி. 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெயரைச் சொன்னாலே கைதட்டல் விழும் கூட்டம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்!

2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை லீகில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் மேட்ச்சிலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றுதானே நினைப்போம்? புதுப் பையன் நரேந்தர் 243 ரெய்டு பாயின்ட் குவித்தார். பின்னால் சாகர் கோஷ்டி பிடித்துப் போட்டது. தலைவாஸ் முதல் முறையாக அரை இறுதிக்குப் போனது. புனேயிடம் 37-39 என்று இரண்டே பாயின்ட்டில் கோட்டை விட்டார்கள்.

அந்தப் புனே 2024 மார்ச்சில் கோப்பையைத் தூக்கியது. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே என்று ரெய்டுக்கு மூன்று பேர். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் ரெடி. பின்னால் ஈரான்காரர் ஷாத்லூயியின் உடும்புப் பிடி.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2004 கூடைப்பந்து இறுதிப் போட்டியில் லேக்கர்ஸ் அணிக்கு ஷகில் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நாலு மகாராஜாக்கள். டெட்ராய்ட் பிஸ்டன்ஸில் அந்த அளவு பெயர் எடுத்தவர் ஒருவரும் இல்லை. 4-1 என்று பிஸ்டன்ஸ் ஜெயித்தது.

பி.காம். பாஷையில் சொன்னால், நட்சத்திரம் என்பது வரவு. பெஞ்ச் என்பது ரிசர்வ். ஒரு வருடத்து லாபத்தை வைத்துக் கம்பெனியை எடை போட மாட்டோம். அடி விழுந்தால் தாங்க ரிசர்வ் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

அண்ணாச்சி இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "பருத்தியை மட்டுமா வெதைக்கோம்? ஊடால உளுந்தும் போடுறோம்ல. ஒண்ணு கைவிட்டா ஒண்ணு கஞ்சி ஊத்தும்."

அந்த ஒல்லிப் பையன்களில் ஒருவன் மில்லில் வேலை பார்க்கிறானாம். பரிசு வாங்கிய கையோடு, காலை ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்தான். இப்படி நாலு கோப்பை ஜெயித்தால்தான் ஜில்லா டீம் செலக்‌ஷன்காரர்கள் கண்ணில் படுவான். ஸ்டாரை மட்டும் நம்பிய அணியில் இருந்தால் அவன் கடைசிவரை தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டியதுதான்.

அடுத்த ஏலத்தில் கோடிகளைக் கேட்டு வாய் பிளக்காதீர்கள். அவர் வெளியே உட்கார்ந்தால் உள்ளே யார் என்று கேளுங்கள். உங்கள் ஆபீஸுக்கும் இதே டெஸ்ட்தான். எல்லாம் தெரிந்த அந்த ஒரே ஹெட் கிளார்க் லீவு போடும் நாளில் பாருங்கள்... கப் அடிக்கிற டீமா, ஆல் அவுட்டா என்று பதினொரு மணி டீக்குள் தெரிந்துவிடும்!